கூண்டுக்குள் பயிற்சியாளர்

ஐஸ் தளத்தின்மேல் விரிப்பு போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முந்தின நாள் ஹாக்கி நடந்த அதே தளம்தான். இரவு நடக்கப்போகும் கால்பந்துக்காக அதன்மேல் பலகை அடுக்கி, பச்சை விரிப்பை உருட்டி, இணைப்புக்கு இணைப்பு நாடா ஒட்ட வேண்டும். அரங்கத்து ஆட்களைக் கூப்பிட்டால் செலவு என்று அணியின் முதலாளி ஹான்லன் இந்த வேலையையும் ஆட்டக்காரர்கள் தலையில் கட்டியிருந்தார். டீட்மார் இடது முழங்காலை மட்டும் ஊன்றி நாடா ஒட்டிக்கொண்டிருந்தான். வலது முழங்காலில் நீர் கோத்து, மடக்கவே வரவில்லை.

"எழுந்திருப்பா. பயிற்சியாளரே தரையில தவழ்ந்தா நாங்க யாருக்குப் பயப்படுறது?" என்றான் மிர்கோ. யூகோஸ்லாவியாக்காரன். தடுப்பாட்டத்தில் டீட்மாரும் அவனும்தான் மாறி மாறி இறங்குவார்கள்.

"அப்போ நீ ஒட்டு."

"நான் வெறும் ஆட்டக்காரன். ரெண்டு பதவி வகிக்கிறது நீதானே."

டீட்மாருக்கு முப்பத்தேழு வயது. ரூர் பக்கத்து நிலக்கரி ஊரில் பிறந்து, ஜெர்மனியில் இரண்டாம் பிரிவில் ஆடி, இனி அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்ததும் அமெரிக்காவுக்கு வந்தவன். உள்ளரங்கக் கால்பந்தில் அவனைப் போன்றவர்களுக்கு அப்போது இடம் இருந்தது. பியோரியா நகரத்து அணி அவனை ஆட்டக்காரனாக எடுத்தது. போன வருடம் பழைய பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, அந்த வேலையையும் அதே சம்பளத்துக்கு அவனிடமே கொடுத்தது. வேலை அனுமதி அணியின் பெயரில் இருந்தது. அணி கைவிட்டால் மனைவியையும் பள்ளிக்குப் போகும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஹான்லன் காபிக் கோப்பையோடு வந்து, தளத்தைச் சுற்றியிருந்த இடுப்பளவு பலகைச் சுவரில் சாய்ந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இன்னும் ஆடினா நடக்கிறதே கஷ்டம்னு சொல்லிட்டார். ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்துக் கொடுங்க சார். நான் வெளியில நின்னு பயிற்சி மட்டும் பாக்குறேன். எத்தனை தடவைதான் கேக்கறது?"

"ஜனங்க உன்னைப் பாக்கத்தானப்பா டிக்கெட் வாங்குறாங்க. இன்னிக்கு ஜெயிச்சுட்டா அடுத்த சுற்று நிச்சயம். அடுத்த வருஷம் நீ கோட்டு போட்டுக்கிட்டு ஜம்முனு நில்லு, யார் வேண்டாங்கிறா? இன்னிக்கு மட்டும் ஆடிடு."

இந்த 'இன்னிக்கு மட்டும்' நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்துகொண்டிருந்தது. டீட்மார் நாடாவைக் கடித்துத் துண்டித்தான்.

இந்த ஆட்டத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் யாராலும் முழுமூச்சாக ஓட முடியாது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே களைத்தவன் வெளியே வருவான், இன்னொருவன் பலகையைத் தாண்டி உள்ளே குதிப்பான். வருகிறவன் பலகையைத் தொட்ட பிறகுதான் போகிறவன் குதிக்கலாம். அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்து 'போ' என்று சொல்வது பயிற்சியாளரின் வேலை. டீட்மாருக்கு உதவியாளர் என்று ஒருவரையும் கொடுக்கவில்லை. அவன் குதிக்கும்போது அவனுக்கு 'போ' சொல்வதும் அவனேதான்.

அன்றிரவு ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கோல் ஐந்துக்கு ஐந்து. மிர்கோ மூச்சிரைக்கக் கையை உயர்த்தினான். "வா, வா," என்று டீட்மார் கத்தினான். அந்த நேரம் பார்த்து எதிரணிக்காரன் பந்தைப் பறித்து, காலியாக இருந்த இடது பக்கம் பாய்ந்தான். பயிற்சியாளரின் கண் அந்த ஓட்டையைப் பார்த்தது. ஆட்டக்காரனின் கால் அங்கே குதித்துவிட்டது. மிர்கோ இன்னும் பலகைக்கு வந்து சேரவில்லை. விசில் ஒலித்தது.

"ஆள் அதிகம். ரெண்டு நிமிஷம்," என்றார் நடுவர். "கூண்டுக்கு யாரை அனுப்புறீங்க? பயிற்சியாளர்தான் சொல்லணும்."

ஓர் ஆள் குறைவாக நின்று தடுக்க வேண்டிய நேரத்தில் மிர்கோவைக் கூண்டுக்குள் அனுப்ப முடியாது. தப்புச் செய்தவனும் மிர்கோ இல்லை.

"நானே போறேன்," என்றான் டீட்மார்.

தண்டனை பெற்றவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு எதிர்ப்பக்கம் இருந்தது. நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தான். கூண்டுக்காரர் கதவைச் சாத்திய பிறகுதான் கண்ணாடி வழியாகத் தன் அணியின் பெஞ்சைப் பார்த்தான். அங்கே சொல்வதற்கு ஆள் இல்லை. மூன்று பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு, யார் அடுத்து என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிர்கோவை மாத்துங்கடா! அவனால முடியல!" கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தான். அரங்கத்து இரைச்சலில் அவன் குரல் யார் காதிலும் விழவில்லை. பின்வரிசைச் சிறுவர்கள் அவன் குத்துவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். எதிரணிக்காரன் பந்தைப் பலகையில் அடித்துத் திரும்ப எடுத்தான். மிர்கோவால் திரும்பக்கூட முடியவில்லை. கோல்.

கூண்டுக்காரர் கதவைத் திறந்தார். "கோல் விழுந்தாச்சு. தண்டனை முடிஞ்சுது, நீங்க போகலாம்," என்றார் மரியாதையாக.

ஆறுக்கு ஐந்தில் தோற்றார்கள். உடை மாற்றும் அறையில் ஹான்லன் கதவடியிலேயே நின்றார்.

"பெஞ்சை அநாதையா விட்டுட்டுப் போற பயிற்சியாளரை நான் எங்கயும் பாத்ததில்ல."

"ஆட்டக்காரனா போனேன் சார்."

"பயிற்சியாளர் எங்க போனார்னு கேக்கறேன்."

"என்னை ரெண்டா வெட்டவா முடியும்?"

"அதைத்தான் செய்யறேன். பயிற்சி வேலையிலிருந்து உன்னை எடுத்தாச்சு. ஆட்டக்காரன் ஒப்பந்தம் அப்படியே இருக்கு. மிச்சம் மூணு ஆட்டத்தையும் ஆடு."

"முட்டி?"

"ஊசி போட்டுக்கோ."

"அடுத்த வருஷம்?"

ஹான்லன் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் புதுப் பயிற்சியாளர் சாம்பல் நிறக் கோட்டில் வந்தார். கூடவே ஆள் மாற்றத்தைக் கவனிக்கவென்றே ஓர் உதவியாளர். மிர்கோ இறங்குவதற்கு முன் டீட்மாரின் காதருகே குனிந்தான். "பாத்தியா ஜெர்மன்காரா? நீ பாத்த வேலைக்கு ரெண்டு பேர். உன் முட்டிக்கு மட்டும் ஆள் கிடைக்கல."

மூன்றாம் நிமிடம் பயிற்சியாளர் அவன் பெயரைச் சொன்னார். டீட்மார் பலகைமேல் ஏறினான். உதவியாளர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பொறுங்க, அவர் இன்னும் பலகையைத் தொடல." ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக டீட்மார் பலகைமேல் உட்கார்ந்திருந்தான். மிர்கோ வந்து சேர்ந்தான்.

"போங்க," என்று உதவியாளர் கையை எடுத்தார்.

டீட்மார் வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே போட்டான்.