சாம்பல் துடைத்த பூசணி

எனக்குக் கோபம் வந்தால் நிற்காது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வது சரிதான். ஆனால் ஒரே ஒரு தடவை அந்தக் கோபத்தைத் தப்பான ஆள் மேல் கொட்டிவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

1959. சித்தூர் டவுனில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைவாய்ப்பு ஆபீசுக்கு நடந்து நடந்தே செருப்புத் தேய்ந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் சபைக்காரர்கள் டவுனுக்கு வெளியே ஒரு பண்ணை ஏற்படுத்தி, வேலையில்லாத பிள்ளைகள் பதினான்கு பேரைச் சாதி மதம் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு மாதப் பயிற்சி. காலையில் மண்வெட்டி. மத்தியானம் வியாபாரம்: காயைத் தரம் பிரிப்பது, கூடை கட்டுவது, மார்க்கெட்டில் கூவி விற்பது. மார்ச்சில் ஆபீசர் வந்து பார்ப்பார். அவரவர் பாத்தியில் விளைந்ததை விற்றிருக்க வேண்டும், அடுத்த பட்டத்துக்குச் சொந்த விதையும் எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் சர்டிபிகேட். அது கையில் இருந்தால் அரை ஏக்கர் சர்க்கார் நிலம் குத்தகைக்குக் கிடைக்கும்.

அம்மாடி, என்ன நாட்கள் அவை! மண்வெட்டி பிடித்த முதல் வாரம் என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சம்பத் என்று ஒருவன், வெங்காயத்தைத் தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று தினமும் தோண்டிப் பார்த்தான். கிணற்றடியில் கால் கழுவிவிட்டுக் கேழ்வரகுக் களியும் மிளகாய்க் காரமும் சாப்பிடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவோம், பாதி தமிழ், பாதி தெலுங்கு. பண்ணை மேஸ்திரி ரங்கையா, "துன்றப்பயாவது வாய மூடுங்கப்பா" என்று கத்துவார். அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது.

மார்க்கெட்டில் கூவ எனக்கு வெட்கம். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? முதல் நாள் கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கூடைக்காரன் தணிகாசலம்தான் எனக்கும் சேர்த்துக் கூவினான். "எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச கத்திரிக்கா, எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச கத்திரிக்கா!" எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்று அவனைத் திட்டினேன். அந்தச் சத்தத்துக்கே கூட்டம் கூடிக் கூடை காலியானது. "இப்டியே டெய்லி திட்டு, யாவாரம் நல்லா ஓடும்" என்றான் படுபாவி.

அவன் திருத்தணிக்காரன். அப்பா அங்கே ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். திருத்தணி அடுத்த ஏப்ரல் ஒன்றாம் தேதி மெட்ராஸ் பக்கம் போகப்போகிறது என்று முடிவாகியிருந்தது. எல்லை மாறிவிட்டால் அவன் வேறு ராஜ்யத்து ஆள். அப்புறம் ஆந்திராவில் அவனுக்கு சர்டிபிகேட்டும் கிடையாது, நிலமும் கிடையாது. "இந்தத் தபா விட்டா எனுக்கு வேற தபாவே இல்ல ஜெயசீலி" என்பான். பாத்தி முழுக்கச் சாம்பல் பூசணி போட்டிருந்தான். கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான்.

பிப்ரவரியில் அவன் அப்பா ஓட்டலில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட அவரைப் புத்தூருக்கு அழைத்துப் போனவன், "என் பாத்திய கொஞ்சம் பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதற்பலனைக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். நான் என் கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டேன். அவன் பாத்தியைப் பார்த்தேன். மற்றதெல்லாம் விற்றுப் போக ஒரே ஒரு பூசணி கொடியில் இருந்தது. பெரியது. காம்பில் சிவப்பு நூல். ஆகா, நம் பண்டிகைக்கென்றே நேர்ந்து கட்டியிருக்கிறான், மனசு பார் அவனுக்கு என்று எனக்குக் கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் முதற்பலன் பாடத்தைத் தலைகீழாக ஒப்பிப்பேன். விதைக்கு விடுகிற காயில் நூல் கட்டுவார்கள் என்பதைப் பண்ணையில் சொன்ன அன்று எங்கே பார்த்துக்கொண்டிருந்தேனோ. பறித்தேன். அதோடு விட்டேனா? அழுக்காக இருக்கிறதே என்று மேலே பூத்திருந்த சாம்பலைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி மினுக்கிக் கொண்டுபோனேன். ஏலத்தில் அதை எடுத்தவர் திருப்பதியிலிருந்து வந்திருந்த கிருபாபாய் அம்மா.

இரண்டு நாள் கழித்துத் தணிகாசலம் வந்தான். வெறும் கொடியைப் பார்த்தான்.

"நூல் கட்டினது எங்க?"

சொன்னேன். அவன் திட்டவில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அது வெதைக்கி விட்டது ஜெயசீலி" என்றான். ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருப்பதி போனேன். கிருபாபாய் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பூசணியா? நேத்தே கொழம்பு வெச்சாச்சேம்மா. கொடலும் வெதையும் பின்னாடி குப்பக்குழில கெடக்குது."

குழிமேல் நாலு கோழி நின்று கொத்திக்கொண்டிருந்தது. சூ சூ என்று விரட்டிவிட்டு, நல்ல புடவையோடு இறங்கி, சாணியும் சாம்பலுமாக முழங்கை வரை கைவிட்டுத் தோண்டினேன். மேலே ஒன்றும் இல்லை. அடியில் கை நிறையக் கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று விதை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அங்கேயே அழுதேன்.

சித்தூர் திரும்பி அவன் கையில் கொட்டினேன். அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். நகக்கண்ணில் இருந்த அழுக்கைப் பார்த்தான். "ரொம்ப தேங்ஸ் ஜெயசீலி" என்றான்.

ஆபீசர் வந்த அன்று என் கத்தரி விதையைக் காட்டினேன், தேறினேன். அடுத்தது அவன்.

"வித்தனாலு ஏவி?" விதை எங்கே என்று தெலுங்கில் கேட்டார் ஆபீசர்.

"இல்லீங்க சார்" என்றான்.

அவன் சட்டைப் பையில் பொட்டலம் துருத்திக்கொண்டு தெரிகிறது! ஆபீசர் அவன் பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஜீப் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், நான் பிடித்துக்கொண்டேன். "குப்பையில நோண்டினத காட்ட உனக்குக் கவுரவக் கொறச்சலா? நான் நாறிக்கினு வந்தனே, யாருக்காக? நீ உருப்படுவியா?" இன்னும் என்னென்னவோ. மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பொட்டலத்தை என் கையில் வைத்தான். "நீயே வெச்சிக்கோ." அவ்வளவுதான். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். நான் வழியனுப்பப் போகவில்லை. ரோஷம்.

எனக்குப் பாலசமுத்திரத்தில் அரை ஏக்கர் கிடைத்தது. ஆடி மாதம், இந்த விதை முளைத்தால் அவன் மூஞ்சியில் கொண்டுபோய் எறிய வேண்டும் என்ற வைராக்கியத்தோடு அறுபத்து மூன்றையும் ஊன்றினேன். முளைத்தது. படர்ந்தது. காய்த்தது. சாம்பலே பூக்கவில்லை. ஒருநாள் காலையில் இலையை விலக்கிப் பார்த்தேன்.

பரங்கி. செக்கச்செவேல் என்று பரங்கி.

கோழி தின்றது போக அடியில் கிடந்தது என்றைக்கோ சமைத்த பரங்கியின் விதை. பூசணி விதைக்கு ஓரத்தில் வரப்புக் கட்டினாற்போல் இருக்கும், பரங்கி விதை வேறு மாதிரி. எட்டு மாதம் பயிற்சி எடுத்த எனக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பார்த்த நொடியே தெரிந்திருக்கும். நான் கொடி நடுவிலேயே உட்கார்ந்து, என்னை நானே திட்டிக்கொண்டு அழுதேன்.

முதல் காயைப் பறித்து, காம்பில் சிவப்பு நூல் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு திருத்தணி பஸ் ஏறினேன். அது இப்போது வேறு ராஜ்யம். அரிசி மில்லில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். தலையெல்லாம் தவிடு.

"தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?"

"குழில எறங்கி நோண்டிக்கினு வந்தே. மூஞ்சில அவ்ளோ சந்தோசம். எப்டி சொல்றது?"

"அந்த ஆபீசர்கிட்டயாவது காட்டியிருக்கலாமே. அவருக்கு இன்னா தெரியும்?"

"எனுக்குத் தெரியுமே" என்றான்.

காயை நீட்டினேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்தான்.

"இதுக்கும் எண்ண தடவினியா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அரை ஏக்கர் இருக்குது. ஒண்டியா முடியல. அது உனக்கு வரவேண்டிய நெலம். வா" என்றேன்.

கல்யாணம் கோயிலிலா சர்ச்சிலா என்று இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் கத்தினார்கள். கத்தட்டும். சர்க்கார் கோடு போட்டு அந்தப் பக்கம் தள்ளிய மனிதர், டிரங்குப் பெட்டியோடு நடந்தே இந்தப் பக்கம் வந்தார். நாளைக்கு அறுப்பின் பண்டிகை. வாசலில் பூசணியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாம்பல் வெள்ளையாக அப்படியே இருக்கிறது, நான் தொடவே இல்லை.