எழுபத்தெட்டாம் வருடக் கோடு

பதினெட்டு வருட மழையைக் கணினிக்குள் தட்டி முடிக்கச் சுசீலாபாய்க்கு நாற்பத்தாறு நாட்கள் ஆயின. கல்லாறு மழைமானி நிலையத்தின் பதிவேடுகள் அவை. அறுபத்தொன்பதிலிருந்து சென்ற வருடமான எண்பத்தாறு வரை, வருடத்துக்கு ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாளுக்கு ஓர் எண். ஒரு வருடத்துக்கு நூற்றிருபத்திரண்டு கட்டங்கள். கல்லாற்றின் குறுக்கே பாலம் வரப்போகிறது. எந்த உயரத்தில் கட்டினால் வெள்ளம் தொடாது என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

திருவனந்தபுரத்தில் பாலத்துக்குத் திட்டம் போட்ட அலுவலகத்தில் ஏசி போட்டிருந்த ஒரே அறை கணினி அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தூசு பட்டால் இயந்திரம் கெட்டுப்போகும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பியூன் முதற்கொண்டு எல்லோரும் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாருடனும் அதிகம் பேசாத சுசீலாவுக்கு அது வசதியாக இருந்தது.

ஓர் எண்ணைத் தட்டி அழுத்தினால் திரையிலிருந்த மொத்தக் கணக்கும் தன்னைத் தானே திரும்பக் கூட்டிப் பார்க்கும். முதல் வருடத்தில் அது தெரியவேயில்லை. ஒன்பதாவது வருடம் வந்தபோது ஒவ்வோர் எண்ணுக்கும் அரை நிமிடம் பிடித்தது. அதுவரை திரையின் மேல் மூலையில் ‘வெயிட்’ என்ற சொல் மின்னிக்கொண்டிருக்கும். அந்த அரை நிமிடங்களில் சுசீலா கல்லாற்றுக்குப் போய்விடுவாள். காலை எட்டரை. அப்பாவின் சாயாக்கடைக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் மழைமானி. அப்பா தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். எண்ணைச் சத்தமாகச் சொல்வார். கடையில் சாயா குடிக்கிறவர்கள் அதைக் கேட்டுத் தலையசைப்பார்கள், என்னவோ அவர்கள் வீட்டுக் கணக்கு மாதிரி.

பிறகு பொறியாளர் ராஜமணி சார் கையேட்டைப் படித்து, கடைசியில் ஒரேயடியாகக் கூட்டிக்கொள்ளும்படி அதை மாற்றிக் கொடுத்தார். வேலை ஓடியது. சுசீலாவுக்கு அந்த அரை நிமிடங்கள் போனது என்னவோபோல் இருந்தது. பின்னாளில் எத்தனையோ வேகமான இயந்திரங்களின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அவற்றில் எதுவும் கல்லாறு போய்வர அவளுக்கு நேரம் தரவில்லை.

பதிவேடுகளில் இருந்தது அவளுடைய அப்பா யோசுவாவின் கையெழுத்து. அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. சேர்ந்த அன்று எந்த ஊர் என்று கேட்டார்கள். கல்லாறு என்று சொல்லாமல் விதுரைப் பக்கம் என்று சொல்லிவைத்தாள். அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது நாளாக ஆகப் பெரிதாகிவிட்டது.

“பதினெட்டு வருசம் இந்த மனுசன் ஒரு நாளு விடல்ல பாத்தியா,” என்றார் ராஜமணி சார், பதிவேடு ஒன்றைப் புரட்டியபடி. “ரிப்போர்ட்டுல மொதப் பக்கத்துல அவருக்க பேரப் போடணும்.” நன்றிக் கடிதம்கூடத் தட்டச்சாகி அவர் மேசையில் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. அப்பா அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுவார் என்று சுசீலாவுக்குத் தெரியும். எழுபத்தெட்டாம் வருடப் பதிவேட்டைத் தட்டியபோது மட்டும் ஜூலை ஒன்பதுக்கு மேல் அவள் கை ஓடவில்லை என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

நாற்பத்தேழாம் நாள் படம் வரையத் தொடங்கினார்கள். வருடத்துக்கு ஒரு கோடு; ஒரு படத்தில் ஆறு கோடுகளுக்குமேல் போடமுடியாது. முதல் ஆறு வருடங்கள் ஒழுங்காக வந்தன. அடுத்தது எழுபத்தைந்து முதல் எண்பது வரை. கறுப்புத் திரையில் மஞ்சள் கோடு இடமிருந்து வலமாகப் புள்ளி புள்ளியாக ஊர்ந்தது. இதுவரை எல்லாப் படங்களையும் மையால் வரைந்துகொடுத்த தாணு அண்ணன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்.

“சாரே, இதுக்குள்ள நான் ரெண்டு சாயா குடிச்சிட்டு வந்து வரைஞ்சு முடிச்சிருப்பேன், கேட்டீளா.”

“ஒம்ம சாயாக் கத எனக்குத் தெரியாதா வே. சும்மா நில்லும்.”

எழுபத்தேழு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி முடிந்தது. எழுபத்தெட்டு தொடங்கியது. ஜூன் முழுவதும் அது தன் வழியே போனது. ஜூலையில் ஒன்பதாம் நாளிலிருந்து எழுபத்தேழின் மேடுகளில் ஏறி, அதே பள்ளங்களில் இறங்கியது. ஒரே ஒரு நாள் பின்னால். ஆகஸ்ட் பதினெட்டு வரை அப்படியே போய், பிறகு பிரிந்தது.

“இது என்ன சாரே, நெழலா?” என்று தாணு சிரித்தார். ராஜமணி சார் சிரிக்கவில்லை. இரண்டு பதிவேடுகளையும் எடுத்துப் அருகருகே வைத்து விரலால் இறங்கினார். ஒன்பது வருடமாக அந்த ஏடுகளை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். எண்ணாக இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை.

“நாப்பத்தொரு நாளு,” என்றார். “கிழவன் கல்லாப்பெட்டிக்க பொறத்தால இருந்தே எழுதியிருக்கான்.”

“மழைக்கு எவன் வெளிய எறங்குவான் சாரே.”

“ஒரு வருசம் பொய்யின்னா மத்த பதினேழ எவன் நம்புவான்? எல்லாத்தயும் தள்ளிருவோம். பக்கத்துல பொன்முடி நெலயத்துக் கணக்க வச்சுப் பாலத்தப் போடலாம். தாணு, மேசையில ஒரு கடுதாசி கெடக்கு. கிழிச்சுப் போட்டுரும்.” பிறகு சுசீலாவிடம், “படத்த இன்னொரு தடவ போடு பிள்ளே. பிரிண்ட் எடுத்து மேல காட்டணும்.”

சுசீலா விசையை அழுத்தினாள். திரை கறுத்தது. எழுபத்தைந்து ஊர்ந்து வந்தது. தாணு அண்ணன் செருப்பு மாட்டும் சத்தம் வெளியே கேட்டது. எழுபத்தாறு. எழுபத்தேழு கடைசிப் புள்ளியைத் தொட்டது. ஜூன் மாதம் முடிய எத்தனை விநாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

“சார், அந்த நாப்பத்தொரு நாளும் அப்பா இங்க பெரிய ஆஸ்பத்திரியில கெடந்தாவ.”

“யாருக்க அப்பா?”

“எங்கப்பா. யோசுவா.”

ராஜமணி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோடு ஜூலைக்குள் நுழைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மஞ்சக்காமால. அம்மயும் கூட வந்துட்டா. நான் ஒம்பதாங் கிளாசு. மொத நாளே அளக்குற குடுவய கைதவறிப் போட்டு ஒடச்சிட்டேன். வேற கேட்டா, அப்பா இல்லன்னு தெரிஞ்சு அந்த வேலய வேற ஆளுக்குக் குடுத்துருவாவளோன்னு பயம். அப்பாக்கு இண்ணைக்கும் தெரியாது.”

“அப்போ அந்த வருசம் உள்ளபடிக்கு எவ்வளவு பெஞ்சுது?”

“தெரியாது சார். ஆகஸ்டு ரெண்டாந்தேதி ஆத்துத் தண்ணி எங்க கடைக்க மூணாம் படி வரைக்கும் வந்துது. அதுக்கு முன்னயும் பின்னயும் அவ்வளவு வந்ததில்ல. தண்ணி நின்ன எடத்துல ஆணியால ஒரு கோடு போட்டேன். இப்பவும் கெடக்கும். அது மட்டும் உண்மையாக்கும். ஏட்டுல உள்ளத நாந்தான் சார் எழுதுனேன். அப்பாக்க கையெழுத்து மாதிரி.”