சுழி விட்டுப்போன டயர்

எஞ்சின் தும்மினால் போதும், அது எந்த ஊர்ப் பெட்ரோல் குடித்தது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை எதிர்மலையில் போன லாரிக்கு இங்கிருந்தே கத்தி வைத்தியம் சொன்னேன், பிழைத்துக்கொண்டது. தாய்லாந்து மலையூரான மே ஹாங் சோனில், 'லுங்', அதாவது மாமா, என்று எல்லாரும் கூப்பிடும் இந்த மெக்கானிக் தோங்கின் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு. வான்பென் டீச்சருக்குக் கேடு வந்ததே அதனால்தான்.

அவர் காரில் வழுக்கல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. சக்கரம் வழுக்காமல் காக்கும் கருவி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கணினியை மாட்டினேன். வலது முன்சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதாகச் சொன்னது. சென்சாரைத் துடைத்தேன், ஒயரை மாற்றினேன். விளக்கு அணையவில்லை. வண்டி வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தும் நின்றது.

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "வலப்பக்கம் உக்காந்து ஓட்டுறது யாரு? கோளாறு உங்ககிட்டதான் டீச்சர். ஒட்டரிசிச் சோறைக் கொஞ்சம் குறைங்க" என்றேன். பக்கத்து நூடுல்ஸ் கடையே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், காது மட்டும் சிவந்துபோனது.

பேச்சு பள்ளிக்கூடத்துக்கும் போனது. சியாங் மாயில் நடக்கும் கையெழுத்துப் போட்டிக்கு நாலு பிள்ளைகளை அவர் காரில்தான் கூட்டிப்போவதாக இருந்தது. "ஓட்டுறவங்கதான் கோளாறுன்னு லுங்கே சொல்லிட்டாரே. பிள்ளைங்களை எப்படி அனுப்புறது?" என்று மறுத்துவிட்டார் தலைமையாசிரியர் பிசித். வேறு வண்டியும் இல்லை.

மறுநாள் டீச்சர் வந்தார்.

"போன மாசம் ஆணி குத்தினப்போ அந்தச் சக்கரத்துக்குப் புது டயர் போட்டீங்களே லுங், கடைக்கு என்ன அளவு எழுதிக் குடுத்தீங்க?"

கடையிலிருந்து பில்லோடு திரும்பி வந்த சீட்டை நீட்டினேன். நம் தாய்லாந்து எழுத்தில்தான் எண் எழுதுவேன். வெள்ளைக்காரன் எண்ணைத் தொடுவதில்லை. நம் நாலுக்கும் ஐந்துக்கும் ஒரே முகம். உச்சியில் ஒரு சுழி வைத்தால் ஐந்து.

"இது எத்தனை லுங்?"

"ஐம்பத்தஞ்சு."

"முதல் எழுத்துக்குச் சுழி எங்க?"

குனிந்து டயரைப் படித்தேன். நாற்பத்தைந்து. மற்ற மூன்றும் ஐம்பத்தைந்து. குட்டை டயர், அதனால் சாய்வு, அதனால் வேகம், அதனால் விளக்கு. சரியான டயரை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். விளக்கு அணைந்தது.

"அப்போ நான் சோறு சாப்பிடலாமா?" என்றார் டீச்சர். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நானே போய், கோளாறு என் சீட்டில்தான் என்று சொன்னேன். பிசித் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்க விட்ட கதையிலேயே இதுதான் பெரிசு. டீச்சருக்காகப் பழியை ஏத்துக்கிறீங்களா?"

வேறு வழியில்லாமல் போட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம் சீட்டைக் காட்டினேன். "என்ன எண்ணு?"

"நாப்பத்தஞ்சு!" என்றார்கள் நால்வரும்.

பிசித்தின் சிரிப்பு நின்றது. "நாளைக்குக் காலையில கிளம்பிடுங்க டீச்சர்" என்றார்.

பிள்ளைகளில் சின்னவள் பென்சிலை எடுத்து என் நாலின் தலையில் பதமாக ஒரு சுழி போட்டாள். "பரவாயில்ல தாத்தா, முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் வரும்."

அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.