வெள்ளைப் பெட்டியின் காரம்

கம்பெனியில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். சிகரெட்டுக்குப் பெட்டி வரைவது அவள் வேலை. புகையிலை கலக்குகிறவர்கள் தலைகீழாக நின்றாலும் நகராத சரக்கை, நிறத்தை மாற்றியே விற்றுக் காட்டுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்குக் கர்வம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சிவப்புப் பெட்டியின் விற்பனை படுத்துக்கொண்டபோது, காரம் குறைந்த புதுக் கலவை செய்ய இரண்டு வருடம் வேண்டும் என்றார்கள் கலவைக்காரர்கள். இவள் சிரித்துவிட்டாள். அதே புகையிலையை வெள்ளைப் பெட்டியில் போட்டாள். நடுவில் மெல்லியதாய் ஒரு நீலக்கோடு. பிடித்துப் பார்த்துச் சொல்லும் சோதனைக்கு வந்த நாற்பது பேரும், வெள்ளைதான் தொண்டைக்கு இதம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். நாலே மாதத்தில் வெள்ளைப் பெட்டி சக்கைப்போடு போட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ஊழியர்களின் உறவினரைச் சோதனைக்குக் கூப்பிடக் கூடாது என்பது கம்பெனி விதி. அதனாலோ என்னவோ, அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கிய அண்ணனை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, அடுக்களையில் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கோடிப் புண்ணியம். நுரையீரல் படத்தப் பாத்துட்டு டாக்டர் சிகரெட்டையே விடச் சொன்னாரு. நல்லவேளை, உன் வெள்ளைப் பெட்டி வந்துச்சு. சிவப்பை விட்டுட்டு அதுக்கு மாறிட்டாரு."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். நேரே கூடத்துக்குப் போனாள்.

"அண்ணா, ரெண்டும் ஒரே புகையிலை."

"போடி இவளே! இருபது வருஷமா பிடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது லேசு. நாலு கூடப் பிடிச்சாலும் ஒண்ணும் பண்ணாது." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அவள் வாதாடவில்லை. அண்ணனை எப்படி மடக்குவது என்று தெரியாதவளா? அடுக்களைக்குத் திரும்பி, பையிலிருந்த சோதனைக் கட்டைப் பிரித்தாள். பெயர் அச்சிடாத சிகரெட்டுகள்; கூடவே சிவப்பிலும் வெள்ளையிலும் காலிப் பெட்டிகள். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றைச் சிவப்புப் பெட்டியிலும் இன்னொன்றை வெள்ளைப் பெட்டியிலும் போட்டு எடுத்துப்போனாள்.

அண்ணன் இரண்டையும் ஒவ்வொரு இழுப்பு இழுத்தார். சிவப்புக்கு முகம் சுளித்தார்.

"அடேயப்பா, என்னா காரம்! இதையா இத்தன வருஷமா பிடிச்சேன்? வெள்ளை பஞ்சு மாதிரி இறங்குது." ஜெயித்துவிட்டவரைப் போலத் தங்கையைப் பார்த்தார்.

"ஒரே கட்டுலேருந்துதாங்க ரெண்டையும் எடுத்தா," என்றாள் பின்னாலேயே வந்த அண்ணி. "நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

அண்ணன் கையிலிருந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அணைத்தார்.

"அப்போ நான் குறைக்கவே இல்லையா?"

"நீ கூட்டித்தான் இருக்கே, அண்ணா."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

எந்தக் கூட்டத்திலும், யார் மடக்கினாலும், அவளுக்குப் பதில் தயாராக இருக்கும். இப்போதும் சமாளிக்க ஒன்று இருந்தது. ஆனால் அண்ணன் விடுவதாக இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்லேருந்தே தெரியும்," என்றாள். "அந்த யோசனையே என்னோடதுதாண்ணா."