ஒன்பது மீட்டர் தள்ளி நிலா

மரப்பட்டறைக்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'மில்லிமீட்டர்'. அலமாரிக் கதவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் போதும், கழற்றிப்போட்டு மறுபடி இழைப்பார். சிலர் செல்லமாக 'மில்லி' என்று சுருக்கிப் பார்த்தார்கள். "கூப்பிடறதுன்னா முழுசாக் கூப்பிடுங்க. பாதியில விட்டா கேக்கறவங்க வேற மாதிரி நினைச்சுக்குவாங்க" என்று அவர் மனைவி தடுத்துவிட்டாள். பட்டறையில் வண்ணம் பூசுவதும் மெருகு போடுவதும் அவள் வேலை.

ஒருநாள் நூலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. நூலகர் அம்மாவே கைப்பட எழுதியிருந்தார். வாசிப்பு அறையில் வைக்க மரத்தில் ஒரு பூமி உருண்டை, குறுக்களவு 30 சென்டிமீட்டர். ஒரு நிலா உருண்டை, 8.2 சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 905 சென்டிமீட்டர்.

மில்லிமீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார்.

"புள்ளி விட்டுப்போச்சு பாரு. தொண்ணூறு புள்ளி அஞ்சுன்னு எழுத வந்திருக்காங்க."

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"படிச்சவங்க. தப்பைச் சொல்லிக் காட்டினா சங்கடப்படுவாங்க. நாமளே சரி பண்ணிக் கொடுத்துடுவோம்."

பலகைகளை ஒட்டி, கடைசல் இயந்திரத்தில் கடைந்து பூமியை எடுத்தார். நிலாவை ஒரே கட்டையில் கடைந்தார். குறுக்களவு பார்க்கும் காலிப்பரில் வைத்துப் பார்த்தால் எண்பத்திரண்டு மில்லிமீட்டர், பிசகே இல்லை. மனைவி பூமிக்கு நீலம் அடித்தாள். நிலாவுக்குச் சாம்பல் அடிக்கும்போது மட்டும் கை நின்றது.

"ஏங்க, நிலா இவ்வளவு பெரிசா? இதோட கால்வாசிதான் இருக்கும்னு நினைச்சேன்."

"சீட்டுல அப்படித்தான் இருக்கு."

"சீட்டுலதான் ஒண்ணு தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. இன்னொண்ணும் தப்பா இருந்தா?"

அவர் அதைக் காதில் வாங்காமல் ஒன்றரை மீட்டர் பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையில் பூமியைப் பொருத்தினார். சரியாகத் தொண்ணூறரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு வளைந்த கம்பியில் நிலாவைத் தொங்கவிட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது. பள்ளிக்கூடப் படங்களில் பார்த்த மாதிரியே இருந்தது.

நூலகத்தில் அதை இறக்கி வைத்ததும் நூலகர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"வேலை அருமையா இருக்கு. ஆனா ரெண்டையும் ஏன் ஒரே பலகையில ஒட்டிட்டீங்க?"

"உங்க சீட்டுல ஒரு புள்ளி விட்டுப்போயிருந்துச்சு மேடம். பரவாயில்லை, நானே போட்டுக்கிட்டேன்."

"புள்ளியா? புள்ளியெல்லாம் விடலையே. ஒன்பது மீட்டர் அஞ்சு சென்டிமீட்டர்தான்."

மில்லிமீட்டர் சிரித்தார். நூலகர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இந்த ஹாலே ஏழு மீட்டர்தானே மேடம்?"

"அதனாலதான் நிலாவை வெளியே வராந்தாவுல மாட்டலாம்னு இருந்தேன்."

உறுப்பினர் அட்டை போடும் குமாஸ்தாவின் மேசை வராந்தாவில்தான் இருந்தது. பேச்சு காதில் விழுந்து அவர் எழுந்து வந்தார். தினமும் நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரரும் சேர்ந்துகொண்டார். பலகையிலிருந்து நிலாவைக் கழற்றி ஆளாளுக்கு ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். குமாஸ்தா அதைப் பூமியிலிருந்து இரண்டு சாண் தள்ளி வைத்தார். "இதுக்கு மேல போனா நிலா கையை விட்டுப் போயிடும்" என்றார். தபால்காரர் தாராள மனசுக்காரர், நாலு எட்டு தள்ளிப் போனார். ஒன்பது மீட்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"புத்தகத்துல எல்லாம் பக்கத்து பக்கத்துலதானே போட்டிருக்கான்?" என்றார் தபால்காரர்.

"அளவுப்படி போட்டா பக்கத்துக்குள்ள அடங்காதுங்க, அதான்" என்ற நூலகர், குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னா எனக்கே நம்பிக்கை வரல. மூணு தடவை கணக்குப் போட்டேன். மூணு தடவையும் அதேதான் வந்துச்சு. நடுவுல முப்பது பூமியை வரிசையா வைக்கலாமாம்" என்றார்.

 தன் கையால் செய்த பொருளில் பத்து மடங்கு பிசகு என்பதை மில்லிமீட்டரால் விழுங்க முடியவில்லை. கணக்கை நம்பவும் முடியவில்லை.

"ரெண்டு நாள் டைம் கொடுங்க மேடம். நான் அளந்து பாத்துட்டு வரேன்."

"எதை அளப்பீங்க?"

அது அவருக்கே தெரியவில்லை. நிலாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் காயவைத்த துணியை எடுக்கப் போனவர், கிழக்கே பார்த்து நின்றுவிட்டார். பொழுது இன்னும் சாயவில்லை. எதிர்வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே முக்கால் வட்டத்துக்கும் அதிகமாக வளர்ந்த நிலா வெளுப்பாகத் தெரிந்தது. துணியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினார். மர நிலாவை ஒரு நீளக் கம்பின் நுனியில் செருகி, மனைவியையும் மாடிக்குக் கூட்டிவந்து அவள் கையில் கொடுத்தார்.

"அந்தச் சுவரோரம் நின்னு இதைத் தூக்கிப் பிடி. நிஜ நிலாவுக்குப் பக்கத்துல தெரியற மாதிரி."

"அக்கம்பக்கத்துல பாத்தா என்னன்னு சொல்றது?"

"நிலாவுக்கு ஜோடி சேர்க்கறோம்னு சொல்லு."

மர நிலா எவ்வளவு தூரத்தில் நிஜ நிலா அளவுக்குத் தெரிகிறதோ, அதுதான் சரியான தூரம் என்பது அவர் கணக்கு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தொண்ணூறு சென்டிமீட்டரில் மர உருண்டை பூசணிக்காய் மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் வானத்து நிலா ஒரு பட்டாணி. இரண்டடி பின்னால் போனார். உருண்டை இளைத்தது. இன்னும் போனார். ஐந்து மீட்டரிலும் மர நிலாதான் பெரியது. துணிக்கொடி முதுகில் இடித்தது, குனிந்து அதையும் தாண்டினார். மறு கோடிச் சுவருக்குச் சற்று முன்னால் இரண்டும் ஒரே அளவாக வந்து நின்றன.

"அசையாதே!" என்று கத்தினார்.

அளவு நாடாவைக் கண்ணிலிருந்து உருண்டை வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். ஒன்பது மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர். நம்பாமல் மறுபடி செய்தார். எட்டு மீட்டர் எண்பத்தாறு. மூன்றாவது முறை ஒன்பதேகால் மீட்டரை ஒட்டி வந்தது. கம்பை அவர் வாங்கிக்கொண்டு மனைவியை நடக்கவிட்டார். அவளும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் போய் நின்றாள்.

"அப்போ அந்தம்மா புள்ளியை விடலை" என்றாள்.

"விடலை."

"நீங்கதான் சேர்த்திருக்கீங்க."

"ஆமாம்மா, நான்தான் சேர்த்தேன். போதுமா?"

அவள் சிரித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "நான் என்னமோ நிலா மேகத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்குன்னே நினைச்சிட்டிருந்தேங்க. இவ்வளவு தூரத்துல இருக்கறது எப்படிங்க இவ்வளவு கிட்ட தெரியுது?"

"தெரியலை" என்றார். எந்தக் கேள்விக்கும் அவர் அப்படிச் சட்டென்று சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து நூலகத்துக்குப் போனார். நூலகரிடம், "மேடம், தப்பு என்னோடது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டு, பலகையை அறுத்துப் பூமிக்குத் தனி மேடை செய்தார். ஹாலின் உள்கோடியில் அதை நிறுத்தி, நாடாவை வாசல் வழியாக வராந்தாவுக்கு இழுத்தார். 905 வந்த இடம் குமாஸ்தாவின் தலைக்கு நேர் மேலே இருந்தது.

"ஊர்ல வேற இடமே கிடைக்கலையா?" என்றார் குமாஸ்தா.

"அளவு அங்கதான் வருது. வேணும்னா மேசையை நகர்த்துங்க."

மேசை நகர்ந்தது. நிலா கொக்கியில் ஏறியது.

அன்று முழு நிலா. பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்துபோகும்போது தெருக்கோடியில் கட்டடங்களுக்கு நடுவே தாம்பாளம் போல மஞ்சளாக எழுந்துகொண்டிருந்தது. அவர் நடையை நிறுத்தினார். நேற்று முன்தினம் பட்டாணியாக இருந்தது இது இல்லை. கிட்ட வந்துவிட்டதா? காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கையை நீட்டிக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். பென்சில் அதை மறைத்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார். நிலா உயரே ஏறிச் சின்னதாகியிருந்தது. பென்சிலைப் பிடித்தார். துல்லியமாக அதே மாதிரி மறைத்தது.

"பென்சில் சின்னதாயிடுச்சோ?" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே. என் கண்ணு என்னை ஏமாத்துது. நாப்பது வருஷமா இந்தக் கண்ணை நம்பித்தான் மட்டம் பாத்துட்டிருக்கேன்."

அன்றிரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பட்டறையில் ஒரு ஜன்னல் சட்டத்தை ஏழு தடவை அளந்தார்.

அடுத்த வாரம் நூலகத்துக்குக் கீல் மாற்றப் போனபோது, பூமிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்று நிலாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கடியில் குனிந்துகூடப் பார்த்தார் ஒருவர். மில்லிமீட்டர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுவா? அவ்வளவு தூரமா?" என்றார் அந்த ஆள். "யாரோ தப்பா மாட்டியிருக்காங்க."

"நான்தான் மாட்டினேன்."

"அப்போ நீங்களே விளக்குங்க. ஏன் அங்கே?"

மில்லிமீட்டர் வராந்தாவைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார்.  

"எனக்கும் சரியாப் புரியலைங்க" என்றார். "ஆனா அளவு சரி. வேணும்னா நாடா தரேன், அளந்து பாருங்க."

அந்த ஆள் நாடாவை வாங்கிக்கொண்டார்.