இரண்டு தட்டு

கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்த நீள வண்டிதான் டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் வீடு. ஓய்வு பெற்றதும், இருந்த வீட்டை விற்றுவிட்டு வாங்கியது. ஊர் சுற்றப் போகிறார்களாம்! சுற்றினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

இப்போது மகள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. வண்டி அதற்குள் நுழைந்துவிட்டால் அவள் மகளின் கண்ணெதிரே இருப்பாள். நுழையாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். அங்கே அவளை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

"நான் பின்னாடி நின்னு சொல்றேன் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"வேணாம் மாப்பிள்ளை. எனக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

"வேற யாரு, உங்க மாமியார்தான்."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

வண்டியின் கடைசியில் கட்டில், அதையொட்டிப் பின்பக்க ஜன்னல். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். இடித்துவிடும் போலிருந்தால் பக்கத்துத் தகரச் சுவரில் இரண்டு தட்டு. சத்தமில்லை என்றால் தாராளமாக வரலாம். அவள் வாய் திறக்கவில்லை என்றால் தான் செய்வது சரி என்று, கல்யாணமான நாளிலிருந்தே அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். வசதியான மனுஷன்!

"வரட்டுமா?" என்று குரல் கொடுத்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். கண்ணாடியில் மதில் உரசுகிற மாதிரி வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார், நேராக்கினார். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் வந்தார். அப்போதும் சத்தமில்லை. சந்தின் கோடியில் மாடிப்படி துருத்திக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும். மாடியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "மாமா! நிறுத்துங்க!" என்று கத்தினார். கட்டிலிலிருந்து சத்தம் வராதபோது இவர் கத்தினால் யார் கேட்பது?

மடாரென்று இடித்தது. பின் ஜன்னல் உடைந்து கொட்டியது.

மாப்பிள்ளை இறங்கி வந்து, பெயர்ந்து கிடந்த படியைப் பார்த்தார். "போதும் மாமா. நாளைக்கே இல்லத்துல பேசிடறேன்."

மகள் துடைப்பம் எடுக்க உள்ளே போனாள்.

டிரைவர் இருக்கையை விட்டெழுந்து பின்னால் ஓடினார். கோபம் தலைக்கேறியிருந்தது. "தூங்கிட்டியா? கண்ண எங்க வச்சிருந்தே?"

அவள் தூங்கவில்லை.

"தட்டினேனே," என்றாள். வாய் குழறியது. "இப்பவும் தட்டிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்குக் கேக்கலியா?"

போர்வைமேல் கிடந்த அவளது வலது கையைப் பார்த்தார். விரல்கள் மெத்தையில் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தன. சுவர் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அந்தக் கையிலும் உணர்ச்சி போய்விட்டது, அவளுக்கே அது தெரியவில்லை. போர்வையில் சிதறியிருந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"கேட்டுச்சு," என்றார். "நான்தான் நிறுத்தல."

"அதானே," என்றாள் அவள். "எப்பதான் நீங்க நான் சொல்றதக் கேட்டிருக்கீங்க?"