அறுபத்தெட்டாம் எண் குடும்பத்தின் படம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் சிறுகதைத் தொகுப்பைப் பக்கம் அமைக்கக் கொடுத்திருந்தேன். அது என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன இடத்தில் இது மாட்டிக்கொண்டது. மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் கடையொன்றின் மாடியில் ரெஜிஷா டி.டி.பி. சென்டர் நடத்துகிறாள். கல்யாணக் கார்டு, கல்லூரி மலர், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்து, எப்போதாவது என்னைப் போல ஒருவரின் இலக்கியம். வரிசையில் இலக்கியம்தான் எப்போதும் கடைசி. இந்த முறை எனக்கு முன்னால் நின்றது அருமனைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றின் குடும்ப டைரக்டரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்தது. ரெஜிஷாவின் கண்களில் ஒரு

அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. அவள் கண்களில் இருந்தது எரிச்சல் மட்டும், அதற்கும் காரணம் நான்.

இரண்டாவது தொடக்கம்: "தாம்பத்தியம் என்பது

இதையும் விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு என்ன தகுதி என்று என் மனைவி கேட்பாள்.

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். ஒரு சிக்கல்: இந்தக் கதையையும் ரெஜிஷாதான் பக்கம் அமைக்கிறாள். அமைக்கும்போதே படித்துவிடுவாள். அதனால் அவளுக்குத் தோன்றுவதைச் சதுர அடைப்புக்குள் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறேன்.

[ரெஜிஷா: அனுமதி ஒண்ணும் தரல்ல. நான் கேட்டு வாங்கினதாக்கும்.]

2

டைரக்டரி என்றால் சபையின் எல்லாக் குடும்பங்களும் எண் வரிசையில்: பெயர், முகவரி, போன் நம்பர், ஒரு குடும்பப் படம். சபைச் செயலர் செல்வதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு அவர் ஹெச்.எம். சார்தான். வீடு வீடாகப் போய்ப் படம் வாங்கும் வேலையை ஒழிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இணையத்தில் பொதுவாக ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு குடும்பமும் தன் எண்ணைப் பெயராக வைத்துத் தன் படத்தைத் தானே போட வேண்டும். மாற்ற நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். "எல்லாருக்கும் அதிகாரம் உண்டு" என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்.

அதிகாரத்தைச் சபை முழுமையாகப் பயன்படுத்தியது. ஒருவர் ஆதார் அட்டையை ஸ்கேன் செய்து போட்டார். ஒருவர் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் போட்டார். ஒரு வீட்டில் மாலை போட்ட தாத்தாவின் படத்தை மட்டும் அனுப்பி, மற்றவர்கள் வெளியூரில் இருப்பதாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

அந்த ஃபோல்டர் ரெஜிஷாவின் கணினியோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் அவள் அறுபத்தெட்டாம் குடும்பத்தின் பக்கத்தைக் காட்டி, "இது நேத்து வேற படமாக்கும்" என்றாள்.

"பக்கத்தில் வைத்த படம் எப்படி மாறும்?"

"படம் பக்கத்துக்குள்ள இல்ல சாரே. அதுக்க ஃபோல்டர்லதான் கெடக்கு. இங்க நாம பாக்கது அதுக்க முகம் மட்டும். லிங்க்னு சொல்லுவோம். அங்க ஆளை மாத்தினா இங்க மஞ்ச முக்கோணம் ஒண்ணு வரும். அதை ரெண்டு தட்டு தட்டினா புது முகம் வந்துரும்."

"உள்ளேயே வைத்துவிட்டால் என்ன?"

"வைக்கலாம். எம்பெட் பண்ணிட்டா பொறகு வெளியில என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியாது. ஆனா எல்லாத்தையும் அப்பிடி வெச்சா ஃபைல் வீங்கி நடக்க மாட்டாம கெடந்துரும்."*

* இந்த இடத்தில், கடல் கடந்து வேலை பார்க்கும் கணவர்களை லிங்க் செய்த படங்களோடு ஒப்பிட்டு ஓர் அருமையான பத்தி எழுதியிருந்தேன்.
[ரெஜிஷா: இது எல்லாருக்கும் தோணும். எடுத்தாச்சு.]

3

அறுபத்தெட்டு, சுதன் குடும்பம். சுதன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். மனைவி ஜெஸ்பின். மகள் அஜிஷா பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்குக் கூரை வார்த்ததும் வந்துவிடுகிறேன் என்றார் சுதன். வார்த்தாகிவிட்டது. பிறகு தரைக்கு டைல்ஸ் என்றார். பிறகு மதில். பிறகு கேட். கேட் போட்ட பிறகு, ஒரு கார் வாங்குகிற வரைக்கும் என்றார். ஜெஸ்பின் அந்தக் கேட்டை இழுத்துப் பூட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு அதே ஊரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் இதைப் பிரிவு என்று சொல்லவில்லை. "அவ அம்மை வீட்டுல நிக்கா" என்றார்கள். மகள் தினமும் அப்பாவோடு போனில் பேசினாள். போன் ஜெஸ்பின் கைக்குப் போவதில்லை.

இதையெல்லாம் ரெஜிஷா எனக்குப் பிறகுதான் சொன்னாள். அவளுடைய சித்தி அந்தச் சபையைச் சேர்ந்தவள். முதலில் நாங்கள் பார்த்தது படங்களை மட்டும்.

முதலில் கல்யாண மேடைப் படம் இருந்தது. சுதன் போட்டது; யார் போட்டார்கள் என்பதை ஃபோல்டரே காட்டும். இரண்டு நாளில் முக்கோணம். தட்டினால், ஜெஸ்பினும் மகளும் மட்டும். அடுத்த நாள் சுதன், மூவரும் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் நிற்கும் படத்தைப் போட்டார். அடுத்த நாள் அதே விமான நிலையப் படம் வந்தது, சுதன் இல்லாமல். வெட்டியது ஜெஸ்பின். அவசரத்தில் வெட்டினாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியாது. மகளின் தோளில் அப்பாவின் கை மட்டும் அப்படியே இருந்தது.

சுதன் பதிலுக்கு வீட்டின் படம் போட்டார்: டைல்ஸ், மதில், கேட் எல்லாம் தெரிகிற மாதிரி. ஜெஸ்பின் அந்தக் கேட்டில் தொங்கும் பூட்டைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டாள். சுதன் தன் கட்டிலைப் போட்டார், இரும்புக் கட்டிலின் மேல்தட்டு, தலைமாட்டில் ஒரு பை. இதற்கு ஜெஸ்பின் மூன்று நாள் பதில் போடவில்லை.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாட்களில் என் புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. தினமும் படியேறி, "முக்கோணம் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டேன். ரெஜிஷாவுக்கு வேலை ஓடவில்லை. "ஹெச்.எம். சாருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஜெபம் பண்ணி விட்டுருவாரு" என்று சொல்லி அவரிடமிருந்து மறைத்தாள்.

4

சுதனை எழுத எனக்கு வரவில்லை. ஜெஸ்பினையாவது பிறகு நேரில் பார்த்தேன். அவரை நான் பார்த்தது படங்களிலும், ஒருமுறை போன் திரையிலும் மட்டும். கோபக்காரரா, கஞ்சரா, பயந்தவரா? ஒரு பத்தி முயன்று பார்த்தேன்:

"வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய சுதன் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டபடி, பாலைவனத்தின் மேல் எழும் நிலாவைப்

மஸ்கட்டில் அவர் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள் தெரியலாம், அதையும் அவரே மாட்டியிருக்கலாம். ஒருவர் ஏன் மதிலுக்குப் பிறகு கேட், கேட்டுக்குப் பிறகு கார் என்று போகிறார்? ஊருக்கு வந்தால் என்ன வேலை செய்வது என்று தெரியாமல் இருக்கலாம். இது என் ஊகம். அவர் தரப்பில் ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

5

மூன்று நாள் கழித்து முக்கோணம் வந்தது. ரெஜிஷா தட்டினாள். சக்கைப் பழம். பலா மரத்திலிருந்து விழுந்து, பாதி பிளந்து, ஈ மொய்க்கும் சக்கைப் பழம். கீழே எழுத்தில்: சுதன், ஜெஸ்பின், அஜிஷா.

அன்றைக்கென்று பார்த்து ஹெச்.எம். சார் திருத்தம் பார்க்க வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மக்கா ரெஜிஷா, இது யாரு?"

மறைக்க முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு புஸ்தகம் வெளிய வரணும். கல்யாணப் படத்தை எடுத்து உள்ள வெச்சுப் பூட்டு" என்றார்.

"அவிய ரெண்டு பேரையும் கேக்காம நான் செய்யமாட்டேன், ஹெச்.எம். சார்."

மறுநாள் ஜெஸ்பினை வரச் சொன்னார். நான் எப்படியோ அங்கே இருந்தேன். [ரெஜிஷா: எப்படியோ இல்ல, காலைலயே வந்து உக்காந்தாச்சு.] சுதனை வீடியோ அழைப்பில் பிடித்து, போனைப் பசை டப்பாவில் சாய்த்து வைத்தார் செயலர். திரையில் களைத்த முகம், தலையில் தொப்பி, பின்னால் ஏதோ எந்திரத்தின் இரைச்சல். ஜெஸ்பின் போனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அவரால் அவளைப் பார்க்க முடியாது. அவளால் அவரைப் பார்க்க முடியும்.

"மக்கா ஜெஸ்பின், டைரக்டரில சக்கைக்கு எடம் இல்ல" என்று தொடங்கினார் செயலர்.

"வீட்டுல இருக்கது அதுதான், ஹெச்.எம். சார். ஆளு இல்லாத வீட்டுல வேற என்னத்த படம் எடுக்க?"

போனிலிருந்து குரல் வந்தது. "அது பழுத்தாச்சா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியது இதுதான்.

"பழுத்து விழுந்தாச்சு" என்றாள் ஜெஸ்பின், சுவரைப் பார்த்து.

"வருக்கையா, கூழனா?" கெட்டிச் சுளையா, குழைந்த சுளையா என்று.

"நட்டது நீங்கதானே. தெரியாதா?"

"நட்டேன். தின்னதில்லியே. எனக்க லீவு எல்லாம் டிசம்பர்லயாக்கும், சக்கை பழுக்காத காலம்."

எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ரெஜிஷா திரையில் தேவையில்லாமல் எதையோ பெரிதாக்கிச் சிறிதாக்கினாள்.

"வருக்கை. நல்ல மதுரம்" என்றாள் ஜெஸ்பின்.

செயலர் உள்ளங்கைகளைத் தேய்த்தார். "அப்பம் சமாதானம் ஆயாச்சு. கல்யாணப் படத்தையே வெச்சிரலாம் இல்லியா?"

"வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கதாசிரியன் கதைக்குள் நுழையக் கூடாது என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனாலும் சொன்னேன்: ஜெஸ்பின் இந்தப் போனைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும். மகள் பக்கத்தில் நிற்கட்டும். போனுக்குள் சுதன். அதையே படமாக எடுத்தால் இன்றைய குடும்பம் அதுதானே?

எனக்கே பெருமையாக இருந்தது.

"சாரு யாரு?" என்று கேட்டாள் ஜெஸ்பின்.

"கதை எழுதுகவரு" என்றாள் ரெஜிஷா, வீட்டில் ஒருவருக்கு இருக்கும் நோயைச் சொல்கிற குரலில்.

"சாரே, அஞ்சு வருசமா நான் அதைத்தான் பாக்கேன். புஸ்தகத்துலயும் அதையே பாக்கணுமா?"

போனுக்குள்ளிருந்து சுதன், "அவ எதைச் சொல்லுகாளோ அதைப் போடுங்க, ஹெச்.எம். சார்" என்றார். திரை உறைந்து நின்றது. கோபமா, நெட்வொர்க்கா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உறைந்த முகத்தை ஜெஸ்பின் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

பிறகு ரெஜிஷாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதுவரை வந்த படங்களையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொன்னாள். கட்டில் படம் வந்தபோது கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். விமான நிலையப் படத்தில், தான் வெட்டியதில், விரலை வைத்தாள்.

"இது போதும்."

"கை ஒண்ணு கெடக்கே அக்கா. எடுத்துரட்டா? ரெண்டு நிமிச வேலை."

"வேண்டாம். பிள்ளைக்க தோள்ல இருந்து என்னத்துக்கு எடுக்க?"

செயலர் கவலைப்பட்டார். "யாருக்க கைன்னு சனம் கேக்குமே."

"கேட்டா அவருக்க கைன்னு சொல்லுங்க. வேற யாருக்க கை?"

அச்சுக்குப் போகும் பிரதியில் ரெஜிஷா அந்தப் படத்தை உள்ளே வைத்துப் பூட்டினாள். "இனி மாறாதுல்லா?" என்று செயலர் மூன்று தடவை கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

6

முடிவுக்கு வருவோம். என்னிடம் இரண்டு இருந்தன.

(அ) பண்டிகை நாள். முதல் பாட்டு முடிகிறது. ஆலயத்தின் பக்கவாட்டு வாசலில் ஒரு பெட்டியோடு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சுதன்

[ரெஜிஷா: ஒப்பந்தம் முடியாம கம்பெனி எப்பிடி விடும்? இது சினிமாவாக்கும்.]

(ஆ) ஜெஸ்பின் பூட்டைத் திறந்து, ஆளில்லாத வீட்டில், இருட்டில் நெடுநேரம் அமர்ந்திருக்கிறாள். சிற்றிதழ்களுக்கு இது பிடிக்கும். ஆனால் நான் பார்த்த ஜெஸ்பின் இருட்டில் உட்காருகிற ஆளே இல்லை. விளக்கைப் போட்டு, தரையைப் பெருக்கிவிட்டுத்தான் அழுவாள்.

நடந்தது என்னவென்றால், பண்டிகைக்கு டைரக்டரி வெளியானது. எல்லோரும் தங்கள் பக்கத்தைத் திறந்து தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். தான் குண்டாகத் தெரிவதாக ஒருவர் குறை சொன்னார். கையைப் பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டார். "சுதனுக்க கை" என்றாராம் செயலர், அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுபோல.

7

அடுத்த வாரம் என் புத்தகத்துக்காகப் போனேன். கணினியில் இடம் இல்லை என்று ரெஜிஷா பழைய வேலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். டைரக்டரியின் தன் பிரதியைத் திறந்தாள். அதில் எதையும் அவள் பூட்டியிருக்கவில்லை. அறுபத்தெட்டில் மஞ்சள் முக்கோணம்.

"புத்தகம்தான் வந்துவிட்டதே" என்றேன்.

அவள் ஃபோல்டரில் தேதிகளையும் பெயர்களையும் பார்த்தாள். படத்தைப் பார்க்கவில்லை. "பண்டிகைக்குப் பொறகு முதல்ல அவரு மாத்தியிருக்காரு. பொறகு அக்கா. இன்னைக்குக் காலைல திரும்பவும் அவரு."

"தட்டு, பார்ப்போம்."

"என்னத்துக்கு?"

"கதைக்கு முடிவு வேண்டாமா?"

"டைரக்டரி அச்சாகித் தீந்தாச்சு சாரே. இனி அங்க என்ன போட்டாலும் யாரும் பாக்கமாட்டாங்கன்னு அவியளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போடுகாவ."

ஃபோல்டரை அழித்துவிடச் சொல்லிச் செயலர் இரண்டு தடவை போன் செய்திருந்தார். அவள் அழிக்கவில்லை. இடத்துக்காக வேறு எதையோ அழித்தாள். அது என் பழைய அட்டைப்படம் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே அந்தப் படம் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கெஞ்சிய விதத்தை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஒன்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு படத்துக்கான இடத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன்.

[ரெஜிஷா: எடம் இல்ல சாரே. பக்கம் தீந்தாச்சு.]